நண்டுக் கூடைக்கு ஆர்எஃப்ஐடி டேக் ஒட்டினால் பலன் உண்டா?

தொண்டிப் பக்கம் நாட்டுப்படகுக்காரர்களிடம் நீலக்கால் நண்டும் கணவாயும் வாங்கி, ஐஸ் போட்டு ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்புகிற குடும்பம் உங்களுடையது. கையில் 600 பிளாஸ்டிக் கூடை இருக்கிறது. சீசனுக்கு நூறு கூடையாவது திரும்பி வருவதில்லை, ஒன்று 450 ரூபாய். இப்போது கம்பெனியும் எந்தச் சரக்கு எந்தப் படகில் பிடித்தது என்று எழுதித் தரச் சொல்கிறது. சென்னையிலிருந்து வந்த ஒருவர், கூடைக்கு ஒரு ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் தன் எண்ணைச் சொல்லும் சில்லு) ஒட்டி ஷெட் வாசலில் அதைப் படிக்கும் ரீடர் மாட்டிவிட்டால் லாரியில் இருக்கிற அத்தனை கூடையும் தானாகப் பதிவாகிவிடும், ஒன்றுகூடத் தப்பாது என்று சொல்லி ஏழு லட்சம் கேட்டிருக்கிறார். இது நடக்குமா என்பதுதான் நீங்கள் கேட்டது. ஆனால் இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. காணாமல் போகும் கூடையைப் பிடிப்பது ஒன்று, சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்டுவது இன்னொன்று. முதல் வேலைக்கு டேக் நன்றாகவே உதவும். இரண்டாவது வேலைக்கு அது கடைசியாக வாங்க வேண்டிய சாமான், அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது எல்லாம் கரையில் கிடக்கிறது.

குளிர்பதனக் கிடங்குகளிலும் ஏற்றுமதி ஷெட்டுகளிலும் இந்த ரீடர்களை மாட்டி ஓட வைப்பது பல வருடமாக என் பிழைப்பு. சொந்த ஊர் கீழக்கரைப் பக்கம் என்பதால் மீன் ஷெட் எப்படி இருக்கும், ஏலம் முடிந்த நேரத்தில் அங்கே என்ன அவசரம் இருக்கும் என்பது எனக்குப் புதிதில்லை. அந்த அவசரத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் டேக் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெளிவாக்கிவிடலாம். உங்களிடம் காட்டியது பாஸிவ் டேக், அதாவது பேட்டரி இல்லாதது. ஒரு சின்னச் சில்லு, அதைச் சுற்றி மெல்லிய உலோக ஆன்டெனா, அவ்வளவுதான். ரீடர் அனுப்புகிற ரேடியோ அலையிலிருந்தே அந்தச் சில்லு தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அதே அலையைக் கொஞ்சம் மாற்றித் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்லும். டார்ச் அடித்தால் இருட்டில் பூனைக் கண் மின்னுகிறதே, அப்படி. டார்ச் அடிக்காதபோது அது இருக்கும் இடமே தெரியாது. கூடை இப்போது எங்கே இருக்கிறது என்று போனில் வரைபடம் போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள், ஆகவே அது முடியாது. கடைசியாக எந்த ரீடரைக் கடந்து போனது, எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான் தெரியும். படகுகளில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்களே, அது செயற்கைக்கோளோடு பேசுகிற கருவி, அதற்கு மின்சாரம் வேண்டும், விலையும் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்குக் காட்டிய டேக் யூஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) வகை, நம் நாட்டில் அது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடும். 865 முதல் 867 வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-ல் அனுமதித்தது, பின்னால் அதை 868 வரை நீட்டித்தார்கள். காய்ந்த அட்டைப்பெட்டியில் ஒட்டினால் இந்த டேக்கை ஐந்தாறு மீட்டர் தள்ளியிருந்தே படிக்கலாம், நல்ல ரீடர் என்றால் இன்னும் தூரத்திலிருந்தும். ஆனால் இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். மீனிலும் நண்டிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். டேக்கின் முதுகு நனைந்த நண்டின் மேல் படிந்திருந்தால், மீட்டர் கணக்கில் படித்த டேக் அரை மீட்டரில் படிப்பதே பெரிது, பல நேரம் ஒன்றுமே வராது. ஐஸ் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம், கெட்டியாக உறைந்த ஐஸ் இந்த அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. உருகி வழிகிற தண்ணீர்தான் தடுக்கிறது. காலை ஆறு மணிக்கு ஐஸ் கம்பெனி வாசலில் புதிதாக ஐஸ் கொட்டிய கூடையை வைத்துச் செய்து காட்டுகிற சோதனை அழகாக இருக்கும். அதே கூடை பதினோரு மணி வெயிலில் கிழக்கு கடற்கரைச் சாலையில் ஓடி வந்து நிற்கும்போது அடியில் உப்பும் நிணமும் கலந்த தண்ணீர் தேங்கியிருக்கும், அப்போது படிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெர்மாகோல் அலையை விட்டுவிடும். உள்ளே தகடு ஒட்டிய பெட்டி விடாது. லாரி உடம்பின் இரும்பும் அலுமினியமும் அலையை அங்கும் இங்கும் திருப்பிவிடும், அதனால் பக்கத்துக் கூடை படிக்காமல் போவதும் நடக்கும், அந்தப் பக்கம் சும்மா அடுக்கி வைத்த காலிக் கூடை "உள்ளே வந்தது" என்று பதிவாவதும் நடக்கும். இரண்டாவது வகைத் தவறுதான் அதிகம் கெடுக்கும், ஏனென்றால் குறைந்ததைத் தேடுவோம், கூடியதை யாரும் தேடுவதில்லை.

லாரி நிறைய ஈரக் கூடை, நான்கைந்து அடுக்கு, நடுவில் இருக்கிற கூடையைச் சுற்றி நான்கு பக்கமும் நண்டு. வாசலில் எத்தனை ஆன்டெனா வைத்தாலும் அந்த நடுக் கூடையை ஒவ்வொரு முறையும் படிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இது அந்தச் சென்னைக்காரர் மேல் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, துணி, காலணி, மருந்துப் பெட்டி என்று காய்ந்த சரக்கில் வேலை பார்த்தவர்களுக்கு வாசலில் கிட்டத்தட்ட எல்லாம் படிப்பது சாதாரணம். உலகத்தின் மிகப் பெரிய சில்லறை வியாபாரிகளில் ஒன்றான வால்மார்ட்டே இந்த வேறுபாட்டில் இடறியிருக்கிறது. 2003-ல் அவர்கள் தங்களுக்குச் சரக்கு தருகிற முதல் 100 நிறுவனங்களையும் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் டேக் ஒட்டச் சொன்னார்கள். தண்ணீர்ச் சரக்கிலும் தகர டின்களிலும் படிப்பது சிக்கலாக இருந்தது, டேக் விலையும் கட்டுபடியாகவில்லை, திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. பிறகு 2010 வாக்கில் துணிகளில் ஆரம்பித்தபோது நன்றாக ஓடியது. ஈரமான சரக்கில் வெற்றி பெற்ற உதாரணமும் உண்டு. பிரிட்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2000-களின் தொடக்கத்தில் குளிர்ந்த உணவு கொண்டுபோகும் பிளாஸ்டிக் தட்டுகளில் டேக் வைத்தார்கள். கவனியுங்கள், திரும்பத் திரும்ப வருகிற தட்டில் வைத்தார்கள், உணவுப் பொட்டலத்தில் வைக்கவில்லை. உங்களுக்கும் இதுதான் வழி. நண்டை மறந்துவிட்டுக் கூடையைப் பின்தொடருங்கள்.

எங்கே படிப்பது? என் முதல் பதில், காலிக் கூடை திரும்பி வரும் இடத்தில். கம்பெனியிலிருந்து வருகிற காலிக் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கி, தண்ணீர் வடிந்த பிறகு கையில் பிடிக்கிற ரீடரைக் காட்டிக்கொண்டு ஒரு நடை நடந்தால் போதும், அடுக்கடுக்காகப் படித்துவிடும். அந்த நேரத்தில் தண்ணீரும் இல்லை, அவசரமும் இல்லை. எந்தக் கூடை எந்தத் தேதியில் யாரிடம் போனது, இன்னும் வரவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும். நூறு கூடை காணாமல் போவதில் பெரும்பங்கு ஒன்றிரண்டு இடத்தில்தான் தேங்குகிறது என்று நான் பார்த்த பல ஷெட்டுகளில் தெரிந்தது. உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் அதைத்தான் தேடுவேன். ஒரு ஏஜென்ட் வீட்டுப் பின்புறத்தில் கூடையில் கருவாடு காய்வதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும், அதற்குப் பேச்சுவார்த்தை போதும்.

இரண்டாவது இடம் தராசு. நிறைந்த கூடை எப்படியும் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறியே தீர வேண்டும். அந்தத் தராசுத் தட்டின் பக்கவாட்டில், கூடையின் மேல்விளிம்புக்கு நேராக, ஒரு சின்ன ஆன்டெனாவைக் குறைந்த சக்தியில் வைத்துவிட்டால் ஒரு சாண் தூரத்தில் ஒரே கூடையைத்தான் படிக்கும், எடையும் கூடை எண்ணும் நேரமும் ஒரே வரியில் விழுந்துவிடும். படிக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே தெரியும், ஆள் நிற்கிறார், எண்ணைத் தட்டிக்கொள்ளலாம். இதற்காகத்தான் டேக் இருந்தாலும் கூடையில் பெரிய எண்ணாக எழுதியோ பொறித்தோ வையுங்கள் என்கிறேன். டேக்கைக் கூடையின் அடியிலோ நடுவிலோ வைக்காமல் கைப்பிடிக்கு அருகே, மேல்விளிம்பில், சரக்கு தொடாத இடத்தில் ரிவெட் அடித்துப் பொருத்த வேண்டும். ஸ்டிக்கர் டேக் சில ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் உப்புத் தண்ணீரும் பிரஷும் படுகிற இடத்தில் அதற்கு ஆயுள் கிடையாது. கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்த டேக் அதைப் போலப் பல மடங்கு விலை, ஆனால் கூடையோடு சேர்ந்து உழைக்கும்.

நடுவில் ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் விட்டால் முதல் வாரமே குழப்பம் வரும். லாரி கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக்கும் இதே அலைவரிசையில், இதே முறையில் பேசுகிற பாஸிவ் டேக்தான். வாசலில் ரீடர் வைத்தால் அதையும் படிக்கும், மென்பொருளில் உங்கள் கூடை எண் மட்டும் எடுக்கும்படி வடிகட்டி வைக்கவில்லை என்றால் கணக்கில் ஒரு கூடை கூடும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற சில ரீடர்கள் அமெரிக்காவுக்கென 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸில் ஓடுபவை, அவற்றை இங்கே ஓட்ட அனுமதி இல்லை, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி, சரக்கு எந்தப் படகுடையது என்பது. டேக்குக்குத் தன் எண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. இந்த எண் கொண்ட கூடையில் இன்னாருடைய படகு நண்டு, இத்தனை கிலோ, இந்தத் தேதியில் பிடித்தது என்று ஒரு மனிதர் எழுதி இணைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். நம் கரையில் அந்த இணைப்பு எங்கே அறுகிறது என்று உங்களுக்கே தெரியும். வத்தையிலும் வள்ளத்திலும் வருகிறவர் கொண்டுவருவது ஐந்து கிலோ, பத்து கிலோ. கரையிலேயே நான்கு பேர் நண்டைக் கொட்டி, பெரிது சிறிது பிரித்து, கால் போனதை ஒதுக்கி, ரகம் ரகமாக ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். அந்த நிமிடத்திலேயே படகு என்கிற விவரம் போய்விட்டது. அதற்குப் பிறகு தங்கத்திலேயே டேக் செய்து ஒட்டினாலும் அது திரும்பி வராது. கம்பெனியில் நண்டு வெந்து, பெண்கள் உடைத்துச் சதை எடுக்கும் மேசையில் இன்னொரு முறை கலக்கிறது, அங்கே கூடையே கிடையாது, லாட் எண் (ஒன்றாகக் கணக்கு வைக்கிற சரக்குத் தொகுதியின் எண்) மட்டும்தான்.

அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாதா என்றால், முடியும். படகு வாரியாகப் பிரிப்பது நாட்டுப்படகுச் சரக்கில் நடைமுறைக்கு ஒத்து வராது என்பது என் கருத்து, ஆனால் ஒரு கரை, ஒரு நாள், ஒரு வலை வகை என்று ஒரு லாட் வைத்து, அந்த லாட்டில் சேர்ந்த படகுகளின் பதிவு எண்களையும் ஒவ்வொருவரும் தந்த எடையையும் ஒரே சீட்டில் எழுதுவது நிச்சயம் முடியும். நம்புதாளைச் சரக்கும் சோளியக்குடிச் சரக்கும் ஒரே கூடையில் விழக்கூடாது, அவ்வளவுதான் ஒழுங்கு. இதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது, பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்திருப்பதால், தேதியை ஒழுங்காக எழுதினாலே எந்த வகைப் படகின் சரக்கு என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு பணம் என்று உங்கள் வீட்டு நோட்டில் எப்படியும் பெயரும் எடையும் எழுதுகிறீர்கள். முன்பணக் கணக்குக்காக எழுதுகிற அதே நோட்டில் லாட் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்ப்பதுதான் உண்மையில் உங்கள் பின்தொடரும் முறையின் அடிப்படை. படகுக்காரர்களிடம் எதற்கு எழுதுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கே பிடித்தார்கள் என்பதை யாரிடமோ காட்டிக்கொடுக்கிற வேலை என்று நினைத்துவிட்டால் எண்ணை மாற்றிச் சொல்வார்கள், அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

கம்பெனி ஏன் திடீரென்று கேட்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகிற, கடலில் பிடித்த மீனுக்கு 2010 ஜனவரியிலிருந்தே பிடிப்புச் சான்று (எந்தப் படகு பிடித்தது என்று காட்டும் சான்று) வேண்டும், இங்கே கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் அதைச் சரிபார்த்துத் தருகிறது. அமெரிக்காவில் உணவுத் தடமறிதல் விதியை 2022-ல் இறுதி செய்தார்கள், பச்சையாகவோ உறையவைத்தோ போகிற மீன், இறால், நண்டு வகைகள் அதன் பட்டியலில் இருக்கின்றன. 2026 ஜனவரி என்றிருந்த கெடு 2028 ஜூலைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. ஐரோப்பியச் சான்று படகு விவரத்தையும், அமெரிக்க விதி லாட் எண்ணையும் அது எங்கே, எப்போது, யாரிடம் கைமாறியது என்பதையும் கேட்கின்றன. டேக் ஒட்டு என்று எங்கும் சொல்லவில்லை. தெளிவாக எழுதிய தாளும் ஒரு எக்செல் கோப்பும் இருந்தால் அதுவே செல்லும். விற்பவர் யாராவது "இனி ஆர்எஃப்ஐடி கட்டாயம்" என்று சொன்னால் எந்த விதி என்று எண்ணோடு கேளுங்கள். ஏற்றுமதிச் சங்கிலியில் ஆர்எஃப்ஐடி உண்மையிலேயே முறையாக இருப்பது கடைசிக் கட்டத்தில்தான். ஏற்றுமதியாளர் தானே மூடி அனுப்புகிற கன்டெய்னருக்கு மின்னணு முத்திரை போடுகிற முறையைச் சுங்கத்துறை 2017-ல் அறிவித்தது, தூத்துக்குடி மாதிரியான துறைமுகங்களில் கன்டெய்னர்களில் தனியாக டேக் மாட்டி நகர்வைப் பதிவு செய்வதும் நடக்கிறது. அங்கே இது சிரமமில்லாமல் ஓடுவதற்குக் காரணம், பூட்டிய ஒரு பெட்டி, ஒரு எண், காய்ந்த வெளிப்புறம், உள்ளே இருப்பது வழியில் கலப்பதில்லை.

பணக் கணக்குக்கு வருவோம். நூறு கூடை, 450 ரூபாய், சீசனுக்கு 45,000. ஏழு லட்சம் போட்டு, காணாமல் போகிற கூடை அத்தனையும் திரும்பி வந்தாலும் முதல் எடுக்கப் பதினைந்து சீசனுக்கு மேல் ஆகும், அதற்குள் உப்புக் காற்றில் ரீடரின் இணைப்புகள் எத்தனை முறை பச்சை பிடிக்கும் என்பதை அந்தச் சென்னைக்காரர் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். நானாக இருந்தால் முதல் சீசன் டேக்கே வாங்க மாட்டேன். கூடைக்கு எண் போட்டு, போவதையும் வருவதையும் நோட்டில் எழுதி, லாட் சீட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவேன். அடுத்த சீசன் ஒரு கை ரீடரும் தராசு ஆன்டெனாவும் மட்டும், வாசல் ரீடர் வேண்டவே வேண்டாம். க்யூஆர் போதாதா என்று நீங்கள் கேட்டதற்கு, செதிலும் நிணமும் ஒட்டியிருக்கும் கூடையில் ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்துப் படம் பிடிக்க ஆளுக்குப் பொறுமை இருக்காது என்பதுதான் என் அனுபவம். ஆனால் ஏஜென்ட் கையில் என்எஃப்சி (கிட்டே வைத்தால் டேக்கைப் படிக்கும் வசதி) உள்ள போன் இருந்தால் 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக் நல்ல மாற்று, அது காந்தப் புலத்தில் வேலை செய்வதால் தண்ணீர் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, ஈரத்திலும் தொட்டால் படிக்கும். சில சென்டிமீட்டர்தான் தூரம், அடுக்கை மொத்தமாகப் படிக்க முடியாது, மலிவான பல போன்களில் அந்த வசதியும் இல்லை. ஐந்தாறு கரையில் ஐந்தாறு ஆள் சரக்கு எடுக்கிறார்கள் என்றால் யோசிக்கத் தகுந்தது.

சந்தேகமாக வைக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தராசு ஆன்டெனா உங்கள் கூடையில், உங்கள் ஷெட் தரையில் எத்தனை சதவீதம் படிக்கும் என்பது அங்கே வைத்துப் பார்த்தால்தான் தெரியும், எழுத்தில் யார் எண் சொன்னாலும் ஊகம்தான், நான் சொன்னாலும் சேர்த்து. விவரம் ஒழுங்காகத் தந்தால் கம்பெனி கிலோவுக்குக் கூடுதல் விலை தருமா என்பதும் நிச்சயமில்லை, அதை வாய்ப்பேச்சாக நம்பி முதலீடு செய்யாதீர்கள். டேக் இருப்பது சரக்கு கெடவில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது, வெப்பத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் பேட்டரியுள்ள தனி லாகர் லாட்டுக்கு ஒன்று வைத்தால் போதும். டேக்கைப் பெயர்த்து வேறு கூடையில் வைப்பதையோ, கடவுச்சொல் போட்டுப் பூட்டாத டேக்கில் எண்ணை மாற்றி எழுதுவதையோ இந்தத் தொழில்நுட்பம் தானாகத் தடுக்காது.

அந்தச் சென்னைக்காரரை ஒரேயடியாக அனுப்பிவிடவும் வேண்டாம். நாற்பது கூடைக்கு மட்டும் டேக் கேளுங்கள். நண்டும் ஐஸும் நிரப்பி லாரியில் அடுக்கி, மண்டபம் வரை ஓட்டித் திருப்பிக் கொண்டுவந்து, ஐஸ் உருகிய நிலையில் அவர் ரீடர் முன்னால் நிறுத்துங்கள். எத்தனை படித்தது, இல்லாத கூடை எத்தனை பதிவானது என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், அதையே நான்கைந்து நாள் வேறு வேறு நேரத்தில் செய்யுங்கள். பிறகு அதே நாற்பதைத் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். இரண்டு எண்களையும் இங்கே எழுதினால் எந்த ஆன்டெனா, எந்த டேக் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.